குரலுக்கு அருகே: நேரலைக்கான ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நேரலையில் பேசுகிறவரின் முகம் சற்று மங்கலாகத் தெரிந்தாலும் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் அவருடைய சொற்கள் மின்விசிறியின் இரைச்சலிலும் தெருவில் போகும் வண்டிகளின் ஹாரன் ஒலியிலும் அமிழ்ந்துபோனால், சொல்லப்படும் செய்தி எவ்வளவு அரியதாக இருந்தாலும் அதைத் தொடர்ந்து கேட்பது எவருக்கும் களைப்பையே தரும். ஆகவேதான் வீட்டிலிருந்து பாடம் நடத்தும் ஆசிரியரும், கணினி விளையாட்டை நேரலையில் காட்டும் இளைஞரும், இணையவழி இசை வகுப்பெடுக்கும் கலைஞரும் ஒலிவாங்கி வாங்கப் போகும்போது, பின்னணி இரைச்சலை எடுக்காத மைக் எது என்பதையே முதலில் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான்; ஆயினும் அந்த இயல்புடைய ஒலிவாங்கி எதுவும் உலகில் இல்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது வீண் செலவைத் தடுக்கும்.

ஒலிவாங்கி என்பது அடிப்படையில் காற்றின் அழுத்தத்தில் ஏற்படும் நுண்ணிய ஏற்ற இறக்கங்களுக்கேற்ப அசையும் மெல்லிய சவ்வு ஒன்றையும், அந்த அசைவை மின்சைகையாக மாற்றும் அமைப்பையும் கொண்ட கருவியாகும். சவ்வை வந்தடையும் அழுத்த மாற்றம் மனிதக் குரலால் உண்டானதா, குக்கர் விசிலால் உண்டானதா என்பதை அறியும் ஆற்றல் அந்தச் சவ்வுக்குக் கிடையாது. எனவே இரைச்சலைக் கட்டுப்படுத்துவது என்பதன் உண்மையான பொருள், சவ்வை அடையும் குரலின் அளவுக்கும் அதே சவ்வை அடையும் இரைச்சலின் அளவுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பெரிதாக்குவது என்பதே. இந்த இடைவெளியை வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தொலைவு, ஒலிவாங்கி எந்தத் திசைக்குச் செவிகொடுக்கிறது என்பது, அறையின் தன்மை, பதிவான பின் மென்பொருள் செய்யும் வடிகட்டல் ஆகிய நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இவற்றுள் முதலாவதே ஏனைய மூன்றையும்விட வலிமையானது என்பதும், நல்ல தேர்வு என்பது அருகில் வைத்துப் பேச இடங்கொடுக்கும் ஒலிவாங்கியைத் தேர்வதே என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்துகள்.

தொலைவின் விதி

ஒலியின் அளவைக் குறிக்கப் பயன்படும் டெசிபல் என்பது மடக்கை அளவுகோலாகும். அதாவது அதில் எண்கள் கூட்டலாக ஏறும்போது உண்மையான அழுத்தம் பெருக்கலாக ஏறுகிறது. ஒலியழுத்தம் இரு மடங்கானால் டெசிபல் கணக்கில் 6 கூடும். பத்து மடங்கானால் 20 கூடும். திறந்த வெளியில் சிறிய மூலத்திலிருந்து புறப்படும் ஒலி விரிந்துகொண்டே செல்வதால், தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் அதன் அளவு 6 டெசிபல் குறைகிறது. எதிர்த்தகவு இருமடி விதி என்று பள்ளி இயற்பியலில் படிப்பது இதைத்தான்.

இவ்விதி நேரலைக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதை எளிய கணக்கு ஒன்று காட்டும். மடிக்கணினியின் திரைக்கு மேலுள்ள ஒலிவாங்கி, பேசுகிறவரின் வாயிலிருந்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று கொண்டால், தனி ஒலிவாங்கி ஒன்றை 30 சென்டிமீட்டருக்குக் கொண்டுவரும்போது குரல் 6 டெசிபலும், 15க்குக் கொண்டுவரும்போது 12 டெசிபலும், 7.5க்குக் கொண்டுவரும்போது 18 டெசிபலும் உயர்கிறது. ஆனால் கூரையில் சுழலும் மின்விசிறியும் சாளரத்துக்கு வெளியே செல்லும் பேருந்தும் ஒலிவாங்கியிலிருந்து முன்பு இருந்த தொலைவிலேயே இருப்பதால் அவற்றின் ஒலியில் ஏறக்குறைய எந்த மாற்றமும் நேர்வதில்லை. குரல் உயர்ந்துவிட்டதால் கெயின் எனப்படும் மின்பெருக்க அளவை அதே 18 டெசிபல் குறைத்துக்கொள்ளலாம். குறைக்கும்போது குரல் பழைய அளவிலேயே நிற்க, மின்விசிறியின் இரைச்சல் மட்டும் 18 டெசிபல் தாழ்ந்துவிடுகிறது. ஒலியழுத்தக் கணக்கில் இது எட்டில் ஒரு பங்காகக் குறைவதற்குச் சமம். விலையுயர்ந்த எந்த ஒலிவாங்கியை அதே 60 சென்டிமீட்டரில் வைத்தாலும் இவ்வளவு பயனை அடைய இயலாது.

அறைக்குள் இவ்விதி ஓர் எல்லைவரைதான் செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாயிலிருந்து நேராக வரும் ஒலியும், சுவர்களில் பட்டுத் திரும்பிவரும் ஒலியும் சம அளவாகும் தொலைவை ஒலியியலார் மாறுநிலைத் தொலைவு என்பார்கள். அதற்கு அப்பால் ஒலிவாங்கியை எவ்வளவு தள்ளி வைத்தாலும் கேட்பது பெரும்பாலும் அறையின் முழக்கமே. நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட, டைல்ஸ் தரையும் பூச்சுச் சுவர்களும் உள்ள அறையில் எதிர்முழக்கம் ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவாக நீடிக்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால் இத்தொலைவு 35 முதல் 40 சென்டிமீட்டர் வரைதான் வரும். மேசையின் மறுமுனையில் வைக்கப்படும் ஒலிவாங்கியில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிப்பதற்கு இதுவே காரணம்.

திசைக்குச் செவிகொடுத்தல்

எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் ஒலியைச் சமமாக ஏற்கும் ஒலிவாங்கியை அனைத்துத்திசை ஒலிவாங்கி என்றும், ஒரு பக்கத்தை விரும்பி ஏற்று மறுபக்கத்தைத் தவிர்க்கும் ஒலிவாங்கியைத் திசைசார் ஒலிவாங்கி என்றும் அழைக்கலாம். எந்தக் கோணத்தில் எவ்வளவு ஏற்கிறது என்பதைக் காட்டும் வட்ட வரைபடம் ஒவ்வொரு நல்ல ஒலிவாங்கியின் விவரக் குறிப்பிலும் அச்சிடப்பட்டிருக்கும். இவ்வரைபடம் இதய வடிவில் அமைந்த ஒலிவாங்கிகளே கார்டியாய்டு எனப்படுகின்றன. நேரலைக்கென விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை.

ஒரே ஒலியுணர் உறுப்பைக் கொண்டு இந்தத் திசைப் பண்பை உண்டாக்கும் வழியை அமெரிக்காவின் ஷூர் நிறுவனத்தில் பணியாற்றிய பெஞ்சமின் பாவர் கண்டறிந்தார். அதன் விளைவாக 1939இல் வெளிவந்த யுனிடைன் என்னும் ஒலிவாங்கி, மேடைகளிலும் வானொலி நிலையங்களிலும் புகழ்பெற்றது. சவ்வின் முன்புறத்தை மட்டுமின்றிப் பின்புறத்தையும் ஒலி அடையுமாறு சிறு துளைகளை விட்டு, அத்துளைகளின் வழியே வரும் ஒலியைக் கணக்கிட்ட அளவுக்குத் தாமதப்படுத்துவதே அவருடைய உத்தி. பின்னாலிருந்து வரும் ஒலி துளை வழியாகவும் சுற்றிக்கொண்டு முன்புறமாகவும் ஒரே நேரத்தில் சவ்வின் இரு பக்கங்களையும் அழுத்துவதால் சவ்வு அசையாமல் நின்றுவிடுகிறது. முன்னாலிருந்து வரும் ஒலிக்கோ இவ்வழுத்தங்கள் வெவ்வேறு நேரத்தில் சேர்வதால் சவ்வு நன்கு அசைகிறது. ஒலிவாங்கியின் தலைப்பகுதியைக் கையால் பொத்திப் பிடிப்பவர்கள் இத்துளைகளை அடைத்து, திசைசார் கருவியை அனைத்துத்திசைக் கருவியாக மாற்றிவிடுகிறார்கள் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

கார்டியாய்டு ஒலிவாங்கி நேர் பக்கவாட்டிலிருந்து, அதாவது 90 பாகையிலிருந்து வரும் ஒலியை 6 டெசிபல் குறைத்து ஏற்கிறது. நேர் பின்னாலிருந்து, அதாவது 180 பாகையிலிருந்து வருவதை ஏறக்குறைய முற்றிலும் தவிர்க்கிறது. சூப்பர்கார்டியாய்டு வகை பக்கவாட்டு ஒலியை ஏறத்தாழ 9 டெசிபல் குறைத்தாலும் நேர் பின்னால் ஓரளவு ஏற்கிறது. அது மிகக் குறைவாக ஏற்கும் திசை 126 பாகைக்கு அருகில், அதாவது பின்புறத்தின் இரு ஓரங்களில் உள்ளது. ஹைப்பர்கார்டியாய்டு வகையில் அத்திசை 110 பாகைக்கு அருகே வருகிறது. எனவே இரைச்சல் தரும் பொருள் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதற்குப் பொருந்தும் வகையைத் தேர்வது முறை.

இருப்பினும் திசைப் பண்பின் மீது அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை வைப்பது தவறு. நான்கு பக்கமும் பரவி வரும் இரைச்சலைப் பொறுத்தவரை, அனைத்துத்திசை ஒலிவாங்கியோடு ஒப்பிட்டால் கார்டியாய்டு ஏறத்தாழ 4.8 டெசிபலும், சூப்பர்கார்டியாய்டு 5.7 டெசிபலும், ஹைப்பர்கார்டியாய்டு 6 டெசிபலும் மட்டுமே குறைத்துத் தருகின்றன. தொலைவைப் பாதியாக்கினால் கிடைக்கும் 6 டெசிபலோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு, திசை என்பது அருகாமைக்குத் துணைதானே தவிர மாற்று அல்ல என்பது தானே புலப்படும். மேலும், தாழ்ந்த அதிர்வெண்களில் பல ஒலிவாங்கிகளின் திசைப் பண்பு தளர்ந்துவிடுகிறது. பின்னாலிருந்து புறப்பட்ட இரைச்சலும் எதிர்ச்சுவரில் பட்டு முன்வழியாகவே வந்து சேர்கிறது.

டைனமிக், கண்டென்சர்: ஒரு பரவலான தவறான புரிதல்

சவ்வின் அசைவை மின்சைகையாக மாற்றும் முறையைப் பொறுத்து ஒலிவாங்கிகள் இரு பெரும் வகைகளாகப் பிரிகின்றன. டைனமிக் ஒலிவாங்கியில் சவ்வோடு ஒட்டிய நுண்ணிய கம்பிச்சுருள் காந்தப் புலத்துக்குள் அசைந்து மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் வெளிப்படுத்திய மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. கண்டென்சர் ஒலிவாங்கியிலோ சவ்வும் அதற்குப் பின்னுள்ள உலோகத் தகடும் சேர்ந்து மின்தேக்கியாக அமைய, அவற்றுக்கிடையிலுள்ள இடைவெளியின் மாற்றம் மின்சைகையாகிறது. இவ்வகையை இ. சி. வென்டே 1916இல் உருவாக்கினார். நிலையான மின்னூட்டத்தைத் தன்னுள் தாங்கும் படலத்தைப் பயன்படுத்தி, 1962இல் பெல் ஆய்வகத்தின் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் வடிவமைத்த எலக்ட்ரெட் ஒலிவாங்கி, கண்டென்சர் வகையை மலிவாகவும் சிறிதாகவும் ஆக்கியது.

டைனமிக் மைக் இரைச்சலை எடுக்காது, கண்டென்சர் மைக் எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்ற கருத்து கடைகளிலும் காணொளிகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இதில் பாதி உண்மைதான் உள்ளது. ஒரே தொலைவில், ஒரே திசை வடிவம் கொண்ட இரு வகைகளையும் வைத்து, குரல் சமமாக ஒலிக்குமாறு கெயினைச் சரிசெய்தால், இரண்டிலும் மின்விசிறியின் இரைச்சல் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் இருக்கும். வேறுபாடு உணர்திறனில் இருக்கிறது. ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு ஷூர் எஸ்.எம்.7பி என்னும் டைனமிக் ஒலிவாங்கி ஏறத்தாழ 1.1 மில்லிவோல்ட் மட்டுமே தருகையில், ரோட் என்.டி.1ஏ என்னும் கண்டென்சர் ஒலிவாங்கி 25 மில்லிவோல்ட் தருகிறது. உணர்திறன் குறைவாக இருப்பது குரலுக்கும் இரைச்சலுக்கும் பொதுவான குறைவே ஆகையால், அதனால் இரைச்சல் மட்டும் தனியே குறைந்துவிடுவதில்லை.

அப்படியானால் டைனமிக் ஒலிவாங்கிகளுக்கு அந்த நற்பெயர் எப்படி வந்தது? சைகை மெலிந்திருப்பதால் அதைப் பயன்படுத்துகிறவர் வாயை அதன் அருகே கொண்டுசெல்லும்படி ஆகிறது. மேலும், எஸ்.எம்.7பி, எலக்ட்ரோவாய்ஸ் ஆர்.இ.20 போன்ற வானொலி ஒலிவாங்கிகள் மிக அருகில் பேசுவதற்கென்றே, மூச்சுக் காற்றைத் தாங்கும் உள்வடிகட்டிகளோடு வடிவமைக்கப்பட்டவை. கண்டென்சர் ஒலிவாங்கியோ தொலைவிலிருந்தும் வலுவான சைகையைத் தருவதால் பயன்படுத்துகிறவர்கள் அதை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு வசதியாக அமர்ந்துவிடுகிறார்கள். பழி கருவியின் மேல் விழுகிறது. ஆகவே இரைச்சல் மிகுந்த வீட்டுக்கு டைனமிக் வகையைப் பரிந்துரைப்பது பயன் தரும் அறிவுரையே; ஆனால் அதன் பயன் அருகில் பேசும் பழக்கத்தால் வருகிறது என்பதை அறியாதவர், அதை வாங்கி அரை மீட்டர் தள்ளி வைத்து ஏமாற்றமடைவார்.

டைனமிக் வகையின் மெலிந்த சைகைக்கு இன்னொரு விலையும் உண்டு. எஸ்.எம்.7பி போன்றவற்றுக்கு 60 டெசிபல் அளவுக்குத் தூய பெருக்கம் தேவைப்படுகிறது. சைகையைப் பெருக்கித் தரும் முன்பெருக்கிகள் மலிவானவையாக இருந்தால், அந்த அளவுக்கு ஏற்றும்போது அவற்றிலிருந்தே சீறல் ஒலி எழத் தொடங்கும். மின்விசிறியின் இரைச்சலிலிருந்து தப்பி, மின்னணுச் சீறலில் மாட்டிக்கொள்ளும் இந்நிலையைத் தவிர்க்க, ஒலிவாங்கியோடு அதைத் தாங்கும் முன்பெருக்கியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

அருகாமையையே கருவியாக்கிய வடிவங்கள்

பெரும் இரைச்சலுக்கு நடுவே பேச வேண்டிய தொழில்களில் இந்தக் கொள்கை வெகுகாலமாகவே நடைமுறையில் இருந்து வருகிறது. விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் ஆரவாரத்தின் நடுவே வருணனை செய்வோருக்காகப் பிரிட்டனின் பி.பி.சி. பயன்படுத்திவந்த உதட்டு ஒலிவாங்கி இதற்குச் சிறந்த சான்றாகும். கைப்பிடியோடு கூடிய அக்கருவியின் மேற்பகுதியிலுள்ள சிறு கம்பியை மேலுதட்டின்மேல் ஊன்றிப் பேசும்படி அது அமைந்துள்ளதால், வாய்க்கும், உள்ளே சவ்வாகச் செயல்படும் மெல்லிய உலோக நாடாவுக்கும் உள்ள தொலைவு எப்போதும் சில சென்டிமீட்டராகவே நிலைத்துநிற்கிறது.

அதன் உள்ளே செயல்படும் உத்தி இன்னும் நுட்பமானது. திசைசார் ஒலிவாங்கிகள் மிக அருகில் பேசப்படும்போது குரலின் தாழ்ந்த அதிர்வெண்களை இயல்பைவிடப் பெருக்கிக் காட்டுகின்றன. இதற்கு அருகாமை விளைவு என்று பெயர். உதட்டு ஒலிவாங்கியை வடிவமைத்தவர்கள், இவ்வாறு பெருகிய தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்துக் குரலை மீண்டும் இயல்பாக்கினார்கள். தொலைவிலிருந்து வரும் ஆரவாரத்துக்கு அருகாமை விளைவு இல்லையாகையால், அந்தக் குறைப்பு ஆரவாரத்தின் தாழ்ந்த பகுதியை அப்படியே வெட்டிவிடுகிறது. விமானிகளும் அழைப்பு மையப் பணியாளர்களும் அணியும் இரைச்சல் தவிர்க்கும் ஹெட்செட்டுகளிலும் வாயருகே நீண்டிருக்கும் ஒலிவாங்கி, முன்னும் பின்னும் துளைகளோடு இதையொத்த கொள்கையிலேயே இயங்குகிறது.

இதிலிருந்து நேரலை நடத்துவோர் பெறக்கூடிய பாடம் தெளிவானது. கேமராவில் அழகாகத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்களுக்கும், இரைச்சல் மிகுந்த இடத்தில் அமர்ந்து விளையாட்டை ஒளிபரப்புவோருக்கும் நல்ல ஹெட்செட் ஒன்று, விலைமிக்க மேசை ஒலிவாங்கியைவிடச் சுத்தமான குரலைத் தரக்கூடும். சட்டையில் செருகும் காலர் மைக் பெரும்பாலும் அனைத்துத்திசை வகையாக இருந்தாலும், வாயிலிருந்து 20 சென்டிமீட்டர் அளவில் உடலோடு சேர்ந்தே நகர்வதால், நின்று நடந்து சமையலோ செய்முறையோ காட்டுவோருக்கு அதுவே பொருத்தமானது. மாறாக, நீண்ட குழல் வடிவிலான ஷாட்கன் மைக் தொலைவிலுள்ள குரலைப் பறித்தெடுக்கும் என்ற நம்பிக்கையில் வீட்டு அறைக்கு அதை வாங்குவது பெரும்பாலும் பயன் தருவதில்லை. திறந்தவெளியில் சிறப்பாக இயங்கும் அக்குழல், சுவர்களிலிருந்து திரும்பும் ஒலிகள் நிறைந்த சிறிய அறையில் தன் ஆற்றலை இழந்துவிடுகிறது.

மின்விசிறியும் விசைப்பலகையும்: வைக்கும் இடம்

ஒலிவாங்கியின் முதுகு எங்கே திரும்பியிருக்க வேண்டும் என்பதை அறையில் மிகுந்த தொல்லை தரும் பொருளே முடிவுசெய்ய வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் மின்விசிறியை நிறுத்திவிட்டு நீண்ட நேரம் பேசுவது பெரும்பாலான மாதங்களில் இயலாதது. மேசைமீது வைத்து வாயை நோக்கி அண்ணாந்திருக்கும் கார்டியாய்டு ஒலிவாங்கியின் முகம் கூரையையும் சேர்த்தே பார்ப்பதால் மின்விசிறியின் ஒலி நேராக அதில் விழுகிறது. அதே ஒலிவாங்கியைப் பூம் ஆர்ம் எனப்படும் மடக்குக் கையில் மாட்டி, நெற்றிக்குச் சற்று முன்னாலிருந்து வாயை நோக்கிக் கீழ்நோக்கித் திருப்பினால், அதன் செவிடான முதுகுப்புறம் கூரையை நோக்கி அமைந்து மின்விசிறியின் ஒலி தணிகிறது.

இதே அமைப்பில் விசைப்பலகை ஒலிவாங்கியின் முன்புறப் பார்வைக்குள் வந்துவிடும் என்பதால் விளையாட்டை ஒளிபரப்புவோருக்கு இது பொருந்தாது. அவர்கள் ஒலிவாங்கியை விசைப்பலகைக்கும் வாய்க்கும் இடையில் தாழ்வாக வைத்து மேல்நோக்கித் திருப்பினால், விசைகளின் தட்டொலி முதுகுப்புறத்தில் விழும். எந்தத் தொல்லையை முதலில் வெல்வது என்பதை அவரவர் அறையை வைத்தே முடிவுசெய்ய வேண்டியிருப்பதால், எல்லோருக்கும் ஒரே அறிவுரை கூறுவது பொருந்தாது. மேசை வழியாக வரும் அதிர்வுகளுக்கு ரப்பர் நாண்களில் ஒலிவாங்கியைத் தொங்கவிடும் ஷாக் மவுண்ட் துணைசெய்யும். மேசையோடு ஒட்டாத தாங்கி அதைவிடவும் நல்லது.

மிக அருகில் பேசும்போது ‘ப’ போன்ற எழுத்துகளை ஒலிக்கையில் உதடுகளிலிருந்து வெடித்துவரும் காற்று சவ்வை மோதித் ‘தொம்’ என்ற ஒலியை எழுப்பும். ஒலிவாங்கிக்கு முன் பாப் ஃபில்டர் என்னும் வலைத்திரையையோ நுரையுறையையோ பொருத்துவதோடு, வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் உதட்டின் ஓரத்துக்குச் சற்று விலக்கி வைத்தாலும் இது பெருமளவு நீங்கும். மின்விசிறியின் காற்று நேராகச் சவ்வில் படுவதால் எழும் உறுமலையும் நுரையுறை தடுக்கிறது. பேசும் பக்கம் எது என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்வது நலம். புளூ எட்டி போன்ற ஒலிவாங்கிகள் முனையில் அன்றிப் பக்கவாட்டில் பேசுவதற்கு அமைந்தவை என்பதை அறியாமல் அவற்றின் உச்சியை வாய்க்கு நேரே நீட்டிப் பேசுவோர் பலர். அந்த ஒலிவாங்கியில் நான்கு திசை வடிவங்களுக்கான திருகும் உள்ளதால், அது கார்டியாய்டு நிலையில் இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

அறையைப் பண்படுத்துதல்

அறையின் முழக்கத்தை அளந்து அறிவியலாக்கியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் சபைன். அங்குள்ள ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேச்சே விளங்காத அளவுக்கு எதிரொலி இருந்ததால் அதைச் சரிசெய்யும் பணி 1895இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் சுமந்துவந்து அடுக்கி, ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்பதை அவர் அளந்தார். அறையின் கன அளவு கூடும்போது எதிர்முழக்க நேரம் நீள்கிறது, ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடும்போது குறைகிறது என்ற அவருடைய முடிவு இன்றும் கட்டட ஒலியியலின் தொடக்கப் பாடமாக உள்ளது.

மெத்தைகள் அன்று செய்த வேலையை வீட்டில் பஞ்சுமெத்தை, கனத்த திரைச்சீலை, தரைவிரிப்பு, துணிகள் நிறைந்த திறந்த அலமாரி ஆகியவை செய்யும். காலி முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. மெல்லிய நுரைத் தகடுகள் உயர்ந்த அதிர்வெண்களை மட்டுமே உறிஞ்சுகின்றன. உறிஞ்சுவதும் தடுப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். மென்மையான பொருள்கள் அறைக்குள் எழும் ஒலி திரும்பாமல் பார்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் ஹாரன் ஒலியைத் தடுக்கக் கனமான சுவரும், இடைவெளியின்றி மூடிய கதவும் சாளரமும் தேவை. கதவடியில் உள்ள சிறு இடைவெளியைத் துணியால் அடைப்பது, சுவர் முழுவதும் நுரை ஒட்டுவதைவிட இவ்வகையில் மிகுந்த பயன் தரும்.

இணைப்பு முறை

யூ.எஸ்.பி. ஒலிவாங்கிக்குள்ளேயே முன்பெருக்கியும், சைகையை எண்களாக மாற்றும் சுற்றும் அடங்கியிருப்பதால் நேராகக் கணினியில் செருகிப் பயன்படுத்தலாம். எக்ஸ்.எல்.ஆர். என்னும் மூன்று முனை இணைப்புள்ள ஒலிவாங்கிக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற தனிப்பெட்டி தேவை; கண்டென்சர் வகையானால் அப்பெட்டி பாண்டம் பவர் எனப்படும் 48 வோல்ட் மின்னழுத்தத்தையும் அதே வடத்தின் வழியே அனுப்ப வேண்டும். எக்ஸ்.எல்.ஆர். வடத்தில் சைகை எதிரெதிர் நிலையில் இரு கம்பிகளில் செல்வதால், வழியில் இரண்டிலும் சமமாகப் புகும் 50 ஹெர்ட்ஸ் மின்னிணைப்பு ரீங்காரம் மறுமுனையில் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. தனி ஒருவர் பேசும் நேரலைக்கு யூ.எஸ்.பி. போதுமானது, இருவர் அமர்ந்து உரையாட வேண்டுமானால் எக்ஸ்.எல்.ஆர். முறையே நிர்வகிக்க எளியது. சாம்சன் கியூ2யூ, ஷூர் எம்.வி.7 போன்ற டைனமிக் ஒலிவாங்கிகள் இரு இணைப்புகளையும் தருவதால், சிறிதாகத் தொடங்கிப் பின்னர் விரிவுபடுத்த எண்ணுவோருக்கு ஏற்றவை.

மென்பொருள் செய்வதும் செய்ய இயலாததும்

நேரலைக்குப் பரவலாகப் பயன்படும் ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்னும் கட்டணமற்ற மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும் வடிகட்டிகள் உள்ளன. நாய்ஸ் கேட் என்பது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒலி இறங்கும்போது வாயிலை மூடிவிடும் ஏற்பாடு. பேச்சின் இடைவெளிகளில் அமைதியைத் தருமே தவிர, பேசும்போது வாயில் திறந்திருப்பதால் இரைச்சலும் கூடவே நுழையும். ஹை-பாஸ் வடிகட்டி ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள உறுமல்களை நீக்கும். குரலின் பெரும்பகுதி அதற்கு மேலிருப்பதால் பேச்சுக்கு ஊறு நேர்வதில்லை.

இரைச்சலின் அதிர்வெண் பரவலைக் கணித்து அதைக் கழித்துவிடும் முறையை 1979இல் ஸ்டீவன் போல் வெளியிட்டார். அண்மைக் காலத்தில் நரம்பணு வலையமைப்புகள் அப்பணியை மேலும் திறம்படச் செய்கின்றன. ஜான்-மார்க் வாலன் உருவாக்கிய ஆர்.என்.நாய்ஸ் என்னும் திறந்தமூல நிரல் ஓ.பி.எஸ். மென்பொருளிலேயே இணைக்கப்பட்டுள்ளது. குரலையும் குரலல்லாதவற்றையும் பயிற்சியால் அறிந்துகொண்ட இந்நிரல்கள் மின்விசிறி போன்ற சீரான ஒலிகளை வியக்கத்தக்க வகையில் நீக்குகின்றன. ஆனால் இரைச்சல் குரலுக்கு நிகராக உயர்ந்துவிட்டால் சொற்களின் ஓரங்களும் சேர்ந்து அரிக்கப்பட்டு, பேச்சு நீருக்கடியிலிருந்து எழுவது போலாகிவிடும்.

இசைக் கலைஞர்கள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். தம்புராவின் அல்லது சுருதிப்பெட்டியின் இடைவிடாத ஒலி, பேச்சுக்கெனப் பயிற்றப்பட்ட நிரலின் கணக்கில் சீரான இரைச்சலாகவே தோன்றுவதால், அது சுருதியை அழித்துப் பாடகரை ஆதாரமின்றி நிறுத்திவிடும். வீணையின் நீண்ட கார்வைகளும் தேய்ந்துபோகும். இசை வகுப்புகளுக்கு இவ்வடிகட்டிகளை நிறுத்திவைத்து, அமைதியான அறையையும் அருகில் வைத்த ஒலிவாங்கியையுமே நம்புவது தக்கது. மேலும், மெல்லிய ஒலிகளைத் தானே உயர்த்தும் தானியங்கி கெயின் வசதியும், ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கம்ப்ரஸரும் இடைவெளிகளில் இரைச்சலை மேலே தூக்குவதால், முன்னதை அணைத்துவிட்டு, பின்னதை இரைச்சல் வடிகட்டிக்கு அடுத்த நிலையில் அமைக்க வேண்டும்.

தேர்வின் வரிசை

மேற்கூறியவற்றைத் தொகுத்துப் பார்த்தால் வாங்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. முதலில் வாயிலிருந்து எவ்வளவு அருகில் ஒலிவாங்கியை வைக்க இயலும் என்பதை முடிவுசெய்ய வேண்டும். ஒரு சாண் தொலைவுக்குள் வைக்க முடியுமானால் கார்டியாய்டு வகை டைனமிக் ஒலிவாங்கியும், அதை அங்கே நிறுத்தும் உறுதியான பூம் ஆர்மும் பெரும்பாலோருக்குப் போதும். கேமராவின் பார்வையில் ஒலிவாங்கி தெரியக் கூடாது என்போர் காலர் மைக்கையும், சுற்றிலும் ஓயாத இரைச்சல் உள்ளோர் ஹெட்செட்டையும், ஏற்கெனவே அமைதியான அறையைப் பெற்றோர் தாழ்ந்த உள்ளிரைச்சல் கொண்ட கண்டென்சரையும் நாடலாம். அதன் பிறகே விவரக் குறிப்பிலுள்ள திசை வரைபடம், உணர்திறன், இணைப்பு ஆகியவற்றை ஒப்பிட வேண்டும்.

வாங்கிய பின் செய்ய வேண்டிய சோதனையும் எளியதே. நேரலை நடக்கும் அதே அறையில், மின்விசிறி சுழன்றுகொண்டிருக்க, சில விநாடி பேசாமலும் சில விநாடி இயல்பாகப் பேசியும் பதிவுசெய்து, அளவுகாட்டியில் இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒலிவாங்கியை இன்னும் நெருக்கியும் கோணத்தை மாற்றியும் அதே சோதனையைத் திரும்பச் செய்தால், எந்த நிலையில் இடைவெளி மிகப் பெரிதாகிறது என்பது எண்களாகவே தெரிந்துவிடும். விளம்பரங்களோ பிறருடைய மதிப்புரைகளோ ஒருவருடைய அறையை அறியமாட்டா. இந்தச் சோதனை அறியும். வசதி குறைந்த வீட்டிலிருந்து பாடம் சொல்லும் ஆசிரியரும், சிறு ஊரிலிருந்து உலகோடு பேச முனையும் மாணவரும், விலைப்பட்டியலைக் கண்டு தயங்காமல் தம் குரலைத் தெளிவாகக் கேட்கச் செய்ய இயலும்; அதற்கு வேண்டிய இயற்பியல் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைப்பதே.